மணி நாலு நாற்பது

விடைத்தாளில் செம்பு அயனியைச் சுற்றி ஆறு கோடுகள் போட்டு, மேலும் கீழும் இருந்த இரண்டை மட்டும் அடிக்கோல் வைத்து அவள் நீட்டிக்கொண்டிருந்தபோது, தேர்வறைக் கண்காணிப்பாளர் காதருகே குனிந்தார்.

"உங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம்மா. ஆபீசுக்கு போன் வந்துச்சு. உடனே வரச் சொல்றாங்க."

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"மணி என்ன சார்?"

"நாலு நாற்பது."

தேர்வு ஐந்து வரை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துபோனார். அவள் காரணம் எழுதினாள். ஆற்றல் மட்டங்களின் படம் போட்டாள். இடம் போதாமல் கூடுதல் தாள் ஒன்று கேட்டு வாங்கினாள்.

உயர்நிலைக் கனிம வேதியியலை அவள் எழுதுவது மூன்றாவது முறை. முதல் தடவை நாலு மார்க்கில் போனது, அடுத்த தடவை இரண்டில். மற்ற எல்லாத் தாள்களும் முடிந்து இது ஒன்று மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றது. இதற்குமேல் வாய்ப்பில்லை என்று பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்திருந்தது. விட்டால் ஐந்து வருட மாலை வகுப்பும் ஆற்றில் கரைத்த புளி.

நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. இரும்புக் குழாய்களுக்குத் துத்தநாகம் பூசும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் பரிசோதனை அறை உதவியாளர். தொட்டி அமிலத்தை எடுத்து வந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, அதன் வீரியத்தைக் கண்டு எழுதுவது அவள். கீழே கையெழுத்துப் போடுவது, அவளுக்குப் பிறகு வேலைக்கு வந்து பட்டத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

புருஷன் அதே கம்பெனியில் தொட்டிக்காரன். குழாய்களைக் கொக்கியில் மாட்டி அமிலத்தில் முக்கி எடுத்து, உருகிய துத்தநாகத்தில் இறக்குபவன். அந்தப் புகை நுரையீரலில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. இந்த வருடம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு முறையும் மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். இதுவும் புலி வருது கதைதான் என்று அவள் நினைத்தாள். அல்லது, அப்படி நினைத்ததாகப் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவளைத் தேர்வுக்குத் தயார் செய்தவனே அவன்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். அமிலம் பட்டால் எரியும், அதற்குமேல் அவனுக்கு வேதியியல் தெரியாது. ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் அவள் நோட்டை மடியில் விரித்து, நகம் கரைந்த கட்டை விரலை வரி வரியாக நகர்த்துவான். அவள் அடுப்படியில் நின்று ஒப்பிக்க வேண்டும். அவனுக்காகவே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒரு சொல் விட்டால் போதும், "நில்லு, ஒண்ணை முழுங்கிட்ட" என்பான். செம்பின் படத்தைக் காட்டி, நாலு பேரு கிட்ட நிக்கிறான், இந்த ரெண்டு பேரு மட்டும் ஏன் எட்டி நிக்கிறான், வாய்த்தகராறா என்று ஒருநாள் கேட்டான். எட்டி நின்றால்தான் மொத்தக் கூட்டுக்கும் நிம்மதி என்றாள். அப்போ நம்ம அக்கா மாதிரின்னு சொல்லு என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தாளைக் கொடுத்துவிட்டு அவள் ஓடினாள். செல்போனை வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டமாகப் போனால் பன்னிரண்டு நிமிடம். வார்டு வாசலில் அவனுடைய அக்கா நின்றிருந்தாள். விலகி வழிவிட்டாள்.

டாக்டர் தந்த காகிதத்தில் நேரம் எழுதியிருந்தது: நாலு ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை அவனை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். அவன் அக்கா, அவளுக்கு அண்ணி, தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெத்துக்கிற வயசுல இவ புத்தகத்தைப் பெத்துக்கிட்டா என்று ஊரெல்லாம் சொன்னவள். முந்தின மாலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோ கால்மாட்டுப் பக்கம் சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தாள்.

பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார். அவள் விட்டுவந்த செல்போனைக் கொடுத்துவிட்டு, இறந்தவனை ஒருமுறை பார்த்துத் தலைகுனிந்து நின்றார். அண்ணி அவரை விடவில்லை. நான் போன் பண்ணினது எத்தனை மணிக்கு, இவளிடம் சேதி சொன்னது எப்போது என்று கேட்டாள்.

அவர் கண் ஒரு நொடி சுவர்ப்பக்கம் போய் வந்தது.

"பரீட்சை முடிஞ்ச பெறகுதாம்மா சொல்ல முடிஞ்சுது. ஆபீஸ்ல தாமதமாயிடுச்சு. அவங்க மேல தப்பில்ல."

அவளுக்கு மூச்சு இலகுவாக வந்தது. வந்ததும், அந்த மூச்சின் மேலேயே அருவருப்பு வந்தது.

அவர் போனதும் அண்ணி எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அவள் பக்கத்தில் கால்களை மடக்கிச் சிரமப்பட்டு உட்கார்ந்தாள். குடி என்றாள். உன்னைத் தப்பா நெனச்சுட்டேன், ராத்திரி முழுக்க மனசுக்குள்ள வஞ்சுட்டேன் என்று மெல்லச் சொல்லி, முழங்காலில் கை வைத்தாள். இந்த இருபது வருடத்தில் அந்தக் கை அவள் மேல் பட்டதில்லை.

டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். குடித்துவிட்டால் விஷயம் முடிந்துபோகும். அந்த மனிதர் வாய் திறக்கமாட்டார். தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, முன்னால் படுத்திருப்பவன்கூட இல்லை. அவனுக்கும் தெரியாமலே போய்விட்டது.

"அந்த சார் பொய் சொல்றார் அண்ணி. நாலு நாற்பதுக்கே சொல்லிட்டார்."

கை முழங்காலிலேயே இருந்தது.

"அவருக்கு எப்படி இருக்குன்னு கேட்கல நான். மணி என்னன்னு கேட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு தாள் வாங்கி எழுதினேன்."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டு, ஆறுதலாக ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்வரை அண்ணி அசையவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"எழுதி முடிச்சியா?"

"முடிச்சேன்."

"பரீட்சை எப்ப முடியும்னு ஆஸ்பத்திரியில தம்பி கேட்டான். அஞ்சு மணிக்குன்னேன்." அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னாள். "சரின்னான்."

அண்ணி சுவரைப் பிடித்து எழுந்தாள். வந்தவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப்போய்த் தலைமாட்டில் வைத்தாள்; தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்தில். திரும்பிப் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவள் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். நடுவில் அவன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஓர் ஈ சுற்றிச் சுற்றிப் பறந்து அவன் உதட்டோரம் உட்கார்ந்தது. இரண்டு பக்கமிருந்தும் கை ஒரே நேரத்தில் எழுந்தது. அண்ணி தன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.