சகோதரி தெரிவித்தது

என் தங்கையை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாலு என்றால்தான் திரும்புவாள். முப்பது வயதாகி, மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்த பிறகும் அவள் வாலுதான். லென்ஸை அளந்து வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. காதில் அழுத்துகிறது, மூக்கில் நழுவுகிறது என்று யாராவது வந்தால் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பாள். கம்பியைச் சூடாக்கி லேசாக ஒரு நெளி நெளிப்பாள். போட்டுப் பார்த்தவர்கள் "அட!" என்பார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னோடும் என் கணவரோடும்தான் இருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வாரத்துக்குப் பத்து வயிற்றுவலியாவது என் மேசைக்கு வரும். பரீட்சை வாரமென்றால் இருபது. எது நிஜம், எது நடிப்பு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஆசிரியர்கள் அறையில் எனக்கு ஒரு பேர். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பாதிதான் உண்மை.

வாலுவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, பசி திரும்பவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவாள்.

"சாப்பிட்டதெல்லாம் அங்கயே உக்காந்திருக்கிற மாதிரி இருக்குக்கா. நகரவே மாட்டேங்குது."

"அப்ப வாடகை கேளு" என்றேன். அவளும் சிரித்தாள்.

ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். வாந்தி எடுத்திருந்தாள். "இதப் பாரேன். நேத்து மத்தியானம் சாப்பிட்ட கேரட். துண்டு துண்டா அப்படியே இருக்கு."

"கருமம், இதையெல்லாமா காட்டுவ?" என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாமவர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்கும்மா. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்றார். மூன்றாமவர் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கைபேசியைப் பார்த்தார். "கல்யாணம் ஆகலையா? ஆனா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். வெளியே வந்ததும் வாலு என் காதருகில் குனிந்தாள். "மாப்பிள்ளைய காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டுக்கணுமாக்கா?" நடைபாதையில் நின்று இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்தாள். சிரிப்பால் வந்த வலி என்று நான் நினைத்தேன்.

ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கினாள். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் வயிற்று நிபுணரிடம் போனோம். அறைக்கு வெளியே ஐம்பது பேர். உள்ளே போனதும் அவர் நர்ஸைக் கூப்பிட்டு, வாலுவை எடை பார்க்க அனுப்பினார். கதவு சாத்தியதும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க டீச்சரா? நல்லதாப் போச்சு. கூடப் பொறந்தவங்களுக்குத்தான் உள்ளது தெரியும். இவங்க சின்ன வயசுல எப்படி?"

அத்தனை மாதத்தில் ஒரு டாக்டர் என்னை மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கடகடவென்று சொன்னேன். பத்து வயதில், பரீட்சை வாரத்தில், வாலு பிஸ்கட்டை மென்று தண்ணீரோடு வாயில் அடக்கிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் போய் வாந்தி மாதிரித் துப்பினாள். மூன்று நாள் வீட்டையே ஏமாற்றினாள். கடைசியில் தலையணைக்கடியில் பிஸ்கட் காகிதத்தைக் கண்டுபிடித்தவள் நான்தான். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்த கதை அது. நல்லாச் சொன்னேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

வாலு திரும்பி வந்து, "நாப்பத்தாறு" என்றாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. மனச லேசா வெச்சுக்கங்க" என்றார். மனநல மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதினார்.

நான் அவள் கையைப் பிடித்துக் கீழே கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ப் பழச்சாறு வாங்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன பேசினோம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மனநல மருத்துவர் நிதானமான பெண்மணி. மூன்று முறை வரச்சொல்லிப் பேசினார். பிறகு வயிற்று நிபுணருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். "இவங்க வருத்தம் வியாதியால வந்தது. வருத்தத்தால வியாதி வரல. வயித்த மறுபடியும் பாக்கச் சொல்லி எழுதியிருக்கேன்." நிபுணர் அதைப் படித்துவிட்டு ஃபைலின் கடைசியில் செருகினார். "அவங்களும் ஏதாவது எழுதணுமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு போன இடத்திலெல்லாம் ஒரே மாதிரி நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி கொடுத்த ஃபைலைப் புரட்டுவார்கள். வாலு அதைத் திறந்து பார்த்ததில்லை, திறக்க எனக்குத் துணிவில்லை. ஒரு பக்கத்தில் நிற்பார்கள். நிமிர்ந்து வாலுவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பரீட்சையன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்து நான் சிரிக்கிற சிரிப்பு அது.

பேருந்தில் ஒருநாள் கேட்டாள். "நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்ட மாதிரிப் பேசறாங்களே, ஏங்க்கா?"

"எல்லா டாக்டரும் அப்படித்தான்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கும் குறுகுறுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழியும் உருளைக்கிழங்கும் சமைத்துத் தட்டு நிறைய வைத்தேன். "இன்னைக்கு இது காலியாகாம நீ எந்திரிக்கக் கூடாது. உள்ள இறங்கலேன்னா நீ மனசு வைக்கலேன்னுதான் அர்த்தம்."

"விடேன், பாவம்" என்றார் என் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. செல்லம் குடுத்தே கெடுத்தாச்சு."

வாலு ஒன்றரை மணி நேரம் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். சிவப்பு மையோடு நிமிரும்போதெல்லாம் அவள் ஒரு வாயை மென்றுகொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காரம் என்று நினைக்க எனக்கு வழியில்லை. அதில் காரமே இல்லை. கடைசியில் தட்டைச் சாய்த்துக் காட்டினாள். "போதுமாக்கா?"

மறுநாள் பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கடை முதலாளி போன் செய்தார். வாலு மயங்கி விழுந்துவிட்டாள். நான் போனபோது கடையின் பின்னறையில், கண் சோதிக்க வருபவர்கள் உட்காரும் பெஞ்சில் படுத்திருந்தாள். தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா அவள் வயிற்றில் காதை வைத்துக் குனிந்திருந்தார். வாசிக்கிற கண்ணாடியைச் சரிசெய்து வாங்க வந்தவராம். வாலு அவர் காதில் கம்பியைப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓடி வாந்தி எடுத்திருக்கிறாள். திரும்பி வந்து, மன்னிக்கச் சொல்லி, மறுபடி கம்பியைத் தொட்டபோது விழுந்திருக்கிறாள். அவர் ஒரு டாக்டர் என்பது அதன் பிறகுதான் கடையில் தெரிந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம்."

அவர் வாலுவின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல ஆட்டினார். வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பாதி நிரம்பிய குடத்தை ஆட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

"வாந்தி எடுத்தும் இவ்வளவு உள்ள நிக்குது. இதுக்கு முன்னாடி யாராச்சும் வயித்துல கை வெச்சுப் பாத்தாங்களா?"

வாலு யோசித்தாள். "என் வயித்தத் தொட்டதே நீங்க ஒருத்தர்தான் டாக்டர்."

புதன்கிழமை அவருடைய சிறிய மருத்துவமனைக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு போனோம். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். எல்லோரும் நிற்கிற அந்தப் பக்கத்தில் அவரும் நின்றார். ஆனால் சிரிக்கவில்லை. சத்தமாகப் படித்தார்.

"சகோதரி தெரிவித்தது: சிறு வயது முதலே வாந்தி வருவது போல் நடிக்கும் பழக்கம் உண்டு. மற்றவர் கவனத்தைக் கவர முயல்பவர்." நிமிர்ந்தார். "யாரு சொன்னது இது?"

'முதலே' என்றோ 'பழக்கம்' என்றோ நான் சொல்லவில்லை என்று கத்தத் தோன்றியது. ஆனால் அந்தக் கதையைச் சொன்னது நான்தானே. வாலு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"அது நிஜம்தான் டாக்டர்" என்றாள். "பத்து வயசுல ஒரு தடவ பண்ணேன். பிஸ்கட்டு."

"பத்து வயசுல நான் ரயில் ஓட்டப் போறேன்னு சொன்னேன். அத யாரும் என் ஃபைல்ல எழுதல" என்றார் அவர். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அவரே சொல்லி வேறோர் இடத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. மருந்து கலந்த முட்டையும் ரொட்டியும் கொடுத்து, அது வயிற்றிலிருந்து எப்படி இறங்குகிறது என்று நாலு மணி நேரம் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர் கடைசிப் படத்தைத் திரையில் காட்டினார். "இந்நேரம் பத்துல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கணும். உங்களுக்கு ஏழு பங்கு அப்படியே இருக்குதுங்க."

வாலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதாள். "இதுல இன்னொரு பிரதி கிடைக்குமா?" என்று அவரிடம் கேட்டாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

டாக்டரம்மா விளக்கினார். "சாப்பிட்டத அரைச்சுக் கீழ தள்ளுறது வயித்தோட வேலை. தள்ளச் சொல்ற நரம்பு உங்களுக்குச் சோம்பிப் போச்சு. சிலருக்குக் காய்ச்சலுக்கு அப்புறம் வருது. ஏன் சிலருக்கு மட்டும்னு எனக்குத் தெரியாது. முழுசாக் குணமாகும்னும் சொல்ல மாட்டேன். சமாளிக்கலாம்."

எனக்குத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டோம்.

அடுத்த வாரமே நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஆவணப் பிரிவில் கேட்டேன். "எழுதினத அழிக்க முடியாதுங்க. வேணும்னா கீழ சேத்து எழுதலாம்" என்று அங்கிருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். நின்றபடியே எழுதினேன். நான் சொன்னது இருபது வருடத்துக்கு முந்திய ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டு, அதை இந்த நோயோடு சேர்த்தது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது வராந்தாவில் நிபுணரைப் பார்த்தேன். பரிசோதனை முடிவைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இருந்த விவரத்துக்கு அது சரியான முடிவுதான் டீச்சர். விவரம் குடுத்தது நீங்கதானே?"

அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். படியிறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

வாலு கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டு போனாள். சண்டை எதுவும் போடவில்லை. சாமான் கட்டும்போது நான் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். எதுவும் சொல்லாமல் அனுப்பிவிடுவேனோ என்று பயந்து, "என்னை மன்னிச்சிடு" என்றேன்.

அவள் பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ அந்தக் கதையச் சொன்னது எனக்குப் பெரிசில்லக்கா. எனக்கே அது சிரிப்புத்தான். சொல்லிட்டு வந்து என் கையப் புடிச்சிக் கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போன பாரு. ஜூஸ் வாங்கிக் குடுத்த. அத நெனச்சாதான் தாங்கல." பூட்டு விழுந்தது. "நான் பைத்தியமோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? உண்மையிலயே பசிக்கலையா, இல்ல நானே பண்ணிக்கறனான்னு."

"வாலு..."

"மாமாவக் கூப்பிடு. பெட்டிய அவர் தூக்கட்டும். நீ தூக்கினா முதுகு புடிச்சுக்கும்."

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறார்கள். எனக்கு ஒரு வலியும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடச் சில நாள் நினைத்தேன். அது எத்தனை கேவலமான ஆசை என்று பிறகு தோன்றியது. அதிலும் நான்தானே நடுவில் நிற்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அவளே போன் செய்தாள். "புதன்கிழமை லீவு போட முடியுமா? புது மாத்திரைல தலை சுத்துது. டாக்டர்கிட்ட தனியாப் போக பயமா இருக்கு."

போனேன். டாக்டரம்மாவின் மருத்துவமனை வாசல் நெரிசலில் அவளுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கொஞ்சம்தான். அவள் முறை வந்ததும் எழுந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"நானும் உள்ள வரட்டுமா?"

கதவில் கை வைத்தபடி யோசித்தாள். உள்ளேயிருந்து இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.

"வா. ஆனா நீ பேசக் கூடாது."

"சரி."

சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கேட்கக் கேட்க வாலு சொன்னாள். எத்தனை ஸ்பூன், எத்தனை மணிக்கு, எது தங்கியது, எது தங்கவில்லை. இந்த இரண்டு வருடமும் படுத்தால் எதிர்க்களிக்கும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியதை. வேலை நடுவில் வாந்தி வந்தால் பிடித்துக்கொள்ள, எப்போதும் பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்ததை. என் வீட்டில் தட்டு கழுவும்போது குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு வாந்தி எடுத்ததை, எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. டாக்டரம்மா ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அதில் முக்கால்வாசியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.