கையெழுத்திட்ட பன்னிரண்டு சொற்கள்

எங்கள் அச்சகத்தை நோக்கி மூன்று தலைமுறையாக ஒருவரும் விரல் நீட்டியதில்லை. அதனால்தான், வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குப் படம் வரையும் என் மருமகள் தன் சம்பளத்தைக் கிரிப்டோவாக வாங்கப்போவதாகச் சொன்னபோது நான் சம்மதிக்கவில்லை.

"பேங்க்ல பணம் வரப் பத்து நாளாகுது மாமா. கமிஷன் வேற புடிச்சுக்கிறாங்க."

"கண்ணுக்குத் தெரியாத காசும்மா. ஏமாந்தா கடைத்தெருவே சிரிக்கும். விலை ஏறி இறங்கும்னு வேற சொல்றாங்க."

"அவ்வளவா ஏறி இறங்காத வகையும் இருக்கு. அதுலதான் வாங்கப்போறேன்."

நான்கு மாதம் கழித்து ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தேன். அந்தக் காசு வந்துசேரும் போன் பணப்பையைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்கள் என் பொறுப்பில் இருக்க வேண்டும். அதுவரை பதிப்பகத்தில் சேர்ந்திருந்த சம்பளம் மொத்தமும் வந்த அன்று, தாளில் எழுதித் தந்தாள்.

"இது யார் கைக்குப் போனாலும் நாலு மாச உழைப்பும் போச்சு மாமா."

"என் மேசையிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு துரும்பு போயிருக்கா?"

படித்துப் பார்த்த தாளில் கையெழுத்திடாமல் நான் கீழே வைப்பதில்லை. கையெழுத்திட்டேன். இழுப்பறையைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை மெஷின்காரர் ஒரு கட்டைத் தூக்கிவந்தார். "ஐநூறு ஆச்சுங்க ஐயா. கட்டிங் போடலாமா?"

மேல்தாளில் அதே பன்னிரண்டு சொற்கள். கீழே என் கையெழுத்தும் அழகாக அச்சாகியிருந்தது.

"யாரைக் கேட்டுய்யா அடிச்சீங்க?"

"தட்டுல இருந்துச்சு, உங்க கையெழுத்தும் இருந்துச்சு. அப்புறம் கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? மாதிரிக்கு ஒண்ணை வாசல் பலகையில கூட ஒட்டிட்டேன்."

பழக்க தோஷத்தில் தாளை அச்சுக்குப் போகும் தட்டில் வைத்துவிட்டு, காலி இழுப்பறையைப் பூட்டியிருக்கிறேன்!

வாசல் தாளைக் கிழித்துக்கொண்டு மாடியிலிருக்கும் வீட்டுக்கு ஏறினேன். "தப்பு என்னுது" என்றேன். அந்த வீட்டில் நான் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. என் மகன் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப்பார்த்தான்.

மருமகள் பாய்ந்து போனை எடுத்தாள். பணம் அப்படியே இருந்தது. வேறொரு பணப்பையைத் திறந்து மொத்தத்தையும் அதற்கு மாற்றினாள். பேங்காக இருந்தால் இந்நேரம் டோக்கன்தான் வாங்கியிருப்பேன்.

அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஐநூறு பிரதி! விலை போடலையா மாமா?"

புதிய பன்னிரண்டு சொற்களை எழுதி என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே வைங்க. பேனாவை மட்டும் இங்க குடுங்க."

கொடுத்தேன்.