மண்டியிடாத ஓக்-புன்

"முடியாதுன்னா முடியாது! என் முட்டி என்ன கட்சி வாங்கிக் குடுத்ததா, நீங்க சொன்ன இடத்துல மடக்கறதுக்கு?"

"கத்தாதீங்க உறுப்பினரம்மா, வெளியில ஆள் நிக்குது."

"நிக்கட்டும். நல்லா காது குளிரக் கேக்கட்டும்!"

ஆள் நின்றது உண்மைதான். ஓக்-புன்னின் கடையில் கிம்ச்சி ஊறுகாய் வாங்க வந்த பாவனையில் பாதிச் சந்தை வாசலில் நின்றது. நகர மன்ற உறுப்பினரான அவளுக்கும், தலைநகரிலிருந்து கட்சி மேலிடம் அனுப்பிய தேர்தல் பொறுப்பாளர் ப்யோவுக்கும் சண்டை என்றால் யாருக்குத்தான் வீட்டுக்குப் போக மனம் வரும்?

விஷயம் இதுதான். ஆளுங்கட்சியின் நிலைமை படுமோசம். விலைவாசி ஒரு பக்கம், மந்திரிகளுக்குள் குடுமிப்பிடி ஒரு பக்கம். எந்தக் கட்சியையும் சேராமல் நடுவில் நிற்கிற ஜனம் கைகழுவிவிட்டது. தென்கொரியாவின் நடுவில் இருக்கும் எங்கள் சுங்சோங் பக்கத்திலோ நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். யாருக்கு ஓட்டு என்று கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிட மாட்டார்கள். அவர்களைத் திரும்பப் பிடிக்க மேலிடம் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தது. கட்சியின் ஊதா ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கட்சிப் பெயரை எறும்பு அளவில் அச்சடித்த வெள்ளை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வேட்பாளர்கள் எல்லாரும் நாற்சந்தியில் நெற்றி தரையில் பட மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"போன தேர்தல்லயும் இதேதான் பண்ணோம். எதுக்கு மன்னிப்புன்னு உனக்காவது தெரியுமா தம்பி?"

"பொதுவா... எல்லாத்துக்கும்தான்."

"பொதுவாவா! என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப இப்படித்தான் பொதுவா மன்னிப்புக் கேப்பாரு. மறுநாளும் குடிச்சிட்டு வருவாரு."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ப்யோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ பிரசார வண்டி உங்களுக்கு வராது. மைக்கும் வராது, பாட்டும் வராது. தோத்தா என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவன் போனபிறகு ஓக்-புன் விரல்விட்டு ஓட்டை எண்ணிப் பார்த்தாள். பதவி வேண்டாம் என்கிற உத்தமி அல்ல அவள். அந்த நாற்காலி போனால் விடிந்ததிலிருந்து கீரை அலசுவதுதான் கதி. மன்றத்தில் கை தூக்குவது அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதை அவள் ஒளித்ததும் இல்லை.

சனிக்கிழமை நாற்சந்தியில் வெள்ளை ஜாக்கெட்டுகள் வரிசையாக மண்டியிட்டன. ஓரத்தில் ஊதா ஜாக்கெட்டோடு ஒருத்தி மட்டும் விறைப்பாக நின்றாள். சலவைக்கடை தாக் விடுவாரா? சந்தையின் நடுநிலைக்கே தலைவர் அவர்தான். இரண்டு கட்சியையும் சமமாகத் திட்டுவார்.

"ஏம்மா, உனக்கு மட்டும் வெக்கம் கிடையாதா?"

"இருக்குங்கண்ணே. ஆனா தரையைப் பாத்துக்கிட்டிருந்தா, திட்டறது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்படியே திட்டுங்க, பதில் சொல்றேன்."

"சரி, சொல்லு. ராத்திரியில குழந்தைங்களுக்குன்னு இருந்த ஆஸ்பத்திரியை ஏன் மூடினீங்க? என் பேத்திக்குக் காய்ச்சல்னு பக்கத்து ஊருக்கு ஓடினோம்."

"அது தப்பு. கட்சி சொல்லிச்சு, நானும் கை தூக்கினேன். ஜெயிச்சா திறக்கச் சொல்லி நானே தீர்மானம் கொண்டாருவேன். கட்சி என்னைத் தூக்கிப் போட்டாலும் சரி."

மண்டியிட்டிருந்தவர்களில் ஓரிருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"அப்புறம் சந்தைத் தெருவுக்குள்ள காரே வரக்கூடாதுன்னு தடுத்தீங்களே, அதுக்கு? என் யாவாரமே படுத்துப்போச்சு!"

"அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"என்னது?"

"கேக்க மாட்டேங்கண்ணே. இப்பத்தான் சக்கர நாற்காலிக்காரங்க சந்தைக்குள்ள வர்றாங்க. அது கட்சி பண்ண நல்ல காரியம். பண்ண நல்லதுக்கும் சேத்து மண்டி போட்டா, நாளைக்கு வர்றவன் அதையும் அழிச்சிட்டுப் போவான். இதுக்காக ஓட்டுப் போட மாட்டீங்கன்னா போடாதீங்க!"

தாக் சலவை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பிறகு, "திமிரு பிடிச்சவ," என்று நடையைக் கட்டினார். ப்யோ தலையில் கைவைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப்பின் தினமும் வண்டியில்லாமல், மைக்கில்லாமல் ஓக்-புன் அந்த மூலையில் நின்றாள். முதலில் திட்டத்தான் வந்தார்கள். பிறகு கேட்க வந்தார்கள். பஸ் நிறுத்தம், சாக்கடை, பள்ளிக்கூடச் சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் "தப்பு" அல்லது "தப்பில்லை" என்று முகத்துக்கு நேரே பதில் கிடைத்தது. தப்பில்லை என்றபோது கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு; அவர்களில் சிலர் மறுநாள் வேறு கேள்வியோடு திரும்பி வந்தார்கள்.

எங்கள் தொகுதிக்கு மன்றத்தில் மூன்று இடம்; அதிக ஓட்டு வாங்கிய மூன்று பேர் உள்ளே போவார்கள். ஓக்-புன் மூன்றாவதாக, நூலிழையில் வந்தாள். நாற்சந்தியில் மண்டியிட்ட வெள்ளை ஜாக்கெட்டுகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஆஸ்பத்திரித் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் மேலிடம் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவள் பதில் போடவில்லை, ஆஸ்பத்திரி திறந்தது.

தாக் அடுத்த வசந்தத்தில் மகள் வீட்டோடு இன்சோனுக்குக் குடிபோனார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ப்யோ மேலிட வேலையை உதறிவிட்டு, எதிர்க்கட்சி வண்டியில் பாட்டுப் பாடிய பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வீட்டில் யார் மண்டியிடுகிறார்கள் என்று சந்தையில் எல்லாருக்கும் தெரியும்.