பின் இருக்கைப் பட்டைகள்

விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்பிய பிறகுதான் தரைப் பணியாளரான கரிமிக்கு உறைத்தது. பின் இருக்கைப் பட்டைகளை அவள் கட்டவில்லை.

இரண்டு பேர் உட்காரும் போர் விமானத்தில் விமானி மட்டும் தனியாகப் போனால், காலியாக இருக்கும் பின் இருக்கையின் பட்டைகளை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் கண்ணாடி மூடியைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் விமானம் தலைகீழாகும்போது பட்டை மேலே எழும்பும். நிமிரும்போது விழுந்து, பின்னாலிருக்கும் கட்டுப்பாட்டுக் கோலில் மாட்டும். பின் கோல் அசையாவிட்டால் முன் கோலும் அசையாது. படைப்பிரிவில் சேர்ந்த வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

அன்று காலை நைரோபியிலிருந்து வந்த கர்னல் ஒருவர் பின்னால் உட்கார்ந்து போவதாக இருந்தது. அவருக்காகத்தான் பட்டைகளை விரித்து வைத்திருந்தாள். மனிதர் மெஸ்ஸில் எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டியை ஒரு பிடி பிடித்திருந்தார். ஏணியில் கால் வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார். எல்லோரும் சிரித்தார்கள். ஏறுமுன் பின் இருக்கையைப் பார்க்க வேண்டிய விமானி கேப்டன் லெமாயியனும் சிரித்துக்கொண்டேதான் ஏறினார். சிரித்துக்கொண்டே கரிமி மூடியைச் சாத்தினாள்.

"சார்ஜென்ட், பின்னால பட்டை கட்டல."

சார்ஜென்ட் ஒதேரா தேநீரைக் கீழே வைத்தார். "விளையாடாத."

"சத்தியமா."

"அப்ப வாயை மூடு. இறங்கினதும் நானே ஏணி போடுறேன். கட்டிடு. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஜம்ஹூரி நாள் குடியரசு விழாவுக்கு ஒத்திகை. தலைகீழாப் பறக்கத்தான் போயிருக்காரு."

"பறந்தா மாட்டியே தீரும்னு சட்டமா? சொன்னா உன்னைத் தூக்கிருவாங்க, பொண்ணே. ஊருக்கு, மேருவுக்குத் திரும்பிப் போய், சந்தைக்கு மெல்லுற மிரா இலை கட்டு கட்டப்போறியா?"

கிரினியாகா மலைக்கு மேலே விமானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளி புரண்டது.

தரைப் பணியாளர்கள் விமானியோடு நேராகப் பேசக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வழியாகத்தான் சொல்ல வேண்டும். கோபுரமோ ஓடுதளத்தின் மறுகோடியில் இருந்தது. கரிமி ஜீப்புக்கு ஓடி ரேடியோவை எடுத்தாள்.

"சார், கரிமி பேசுறேன். பின் இருக்கைப் பட்டை அவிழ்ந்து கிடக்கு. தலைகீழாப் போகாதீங்க."

இரைச்சல் மட்டும் வந்தது. கோபுரத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "யாருடா அது? லைனை விட்டு விலகு!"

"சார், கேக்குதா?"

"தலைகீழாப் போயாச்சு." கேப்டனின் குரல் மூச்சு வாங்கியது. "கோல் பின்னால வரமாட்டேங்குது. மூக்கு மேல எழும்பமாட்டேங்குது. எண்ணெய்க் குழாய் போச்சுன்னு நெனச்சு குதிக்கக் கைப்பிடியைப் புடிச்சிட்டேன்."

"பட்டைதான் சார்."

"இரு."

விமானம் மூக்கைக் கவிழ்த்தது. வேண்டுமென்றே இன்னும் கீழே அழுத்துகிறார் என்று கரிமிக்குப் புரிந்தது. இருக்கையில் கிடப்பதெல்லாம் ஒரு நொடி மிதந்தால் பட்டை விடும். விடாவிட்டால் குதிக்க உயரம் மிஞ்சாது. காட்டு மரங்களுக்குப் பின்னால் விமானம் மறைந்தது. ஒதேரா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மரங்களுக்கு மேலே அது எழும்பியபோது கோபுரத்தில் கத்திக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

விமானம் இறங்கியதும் படைப்பிரிவின் மேஜர் வந்தார். "மூடி போட்டது யாரு?"

"நான்தான் சார்."

கேப்டன் கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக, மெதுவாக. கரிமி அவர் முகத்தைப் பார்த்தாள். பின் இருக்கையைத் தானும் பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை.

"இனி இவ ஓடுதளப் பக்கமே வரக் கூடாது. ஸ்டோருக்கு அனுப்பு" என்றார் மேஜர். கேப்டன் அவர் பின்னாலேயே நடந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார் ஒதேரா.

"ஏணியைப் புடிங்க, சார்ஜென்ட்."

"இப்ப எதுக்கு?"

கரிமி ஏணியில் ஏறினாள். பின் கோலின் கறுப்புப் பூச்சில் பட்டையின் கொக்கி உரசிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது. பட்டைகளைச் சேர்த்துக் கட்டினாள். பலமாக இழுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி ஸ்டோர் பக்கம் நடந்தாள்.