பதினாறா, பதினேழா

மருத்துவமனை வார்டில் தேதி நள்ளிரவில் மாறாது. இரவுப் பணி பார்த்தவர், காலை ஏழு மணிக்குப் பகல் பணிக்காரரிடம் பதிவேட்டை ஒப்படைக்கும்போதுதான் மாறும். பதினாறாம் தேதி இரவு வேலைக்கு வந்தவர் விடிந்தபிறகும் பதினாறிலேயே இருப்பார். பதினோரு வருடமாக இரவுப் பணியிலேயே காலம் தள்ளிய சிஸ்டருக்கு இந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அன்றைக்கு அவள் வீடு திரும்பும்போது மணி எட்டரை. பகலெல்லாம் படித்து, இரவு விடுப்பில் ஒருமுறை புரட்டிவிட்டு, மறுநாள் காலை பரீட்சை எழுதுவது என்பது திட்டம். பாடப் புத்தகம் வாங்கியபோது இருந்த மெருகு கலையாமல் அலமாரியில் இருந்தது. முன்கூட்டியே படிக்கிற நல்ல பழக்கமெல்லாம் அவளிடம் எப்போதும் கிடையாது.

முன்னறையில் தையல் மிஷினில் குனிந்திருந்த கணவர் நிமிர்ந்தார்.

"ஹால் டிக்கெட் எடுத்து வச்சுட்டேன். சீக்கிரம் குளிச்சுட்டு வா, பத்து மணிக்கு அங்க இருக்கணும்."

"எங்க?"

"பரீட்சைக்குத்தான்."

"அது நாளைக்குங்க. பதினேழாம் தேதி."

"இன்னிக்குத்தான் பதினேழு."

"பதினாறு. இப்பதானே பதினாறுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வரேன்."

அவர் செல்போனை எடுத்து நீட்டினார். திரையில் பதினேழு என்றுதான் இருந்தது.

சும்மா ஒரு பரீட்சையாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். தொலைநிலைப் படிப்பில் இந்த ஒரு தாள்தான் பாக்கி; மூன்று முறை கோட்டை விட்டாயிற்று, இதுதான் கடைசி வாய்ப்பு. பட்டம் கிடைத்தால் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் வேலை, பகல் வேலை. ஐந்து வயது மகள், குட்டி, பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் விதிகளைப் படித்தார். முதல் அரைமணி நேரத்துக்குள் வெளியேறினால் வராதவர் கணக்கு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் ஆறு மாதம் கழித்துத் தனியாக எழுதலாம். அரைமணி தாண்டிவிட்டால் எழுதியதாகத்தான் அர்த்தம்.

சான்றிதழுக்கா பஞ்சம்? வார்டு டாக்டர் கேட்ட மாத்திரத்தில் கொடுப்பார். ஆனால் அது பொய். பொய்யா? இரண்டு நாளாகத் தூங்கவில்லை, தலை கிறுகிறுக்கிறது, இதுவும் நோய்தானே? அப்படியானால் இன்னும் ஆறு மாத இரவுகள். இருந்து எழுதித் தோற்றால் ஆயுசுக்கும் இரவுகள். எழுந்திருக்க நினைத்தாள், உட்கார்ந்தாள். மறுபடி நினைத்தாள். மேற்பார்வையாளர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வார்டு நிர்வாகம் என்று தாளின் தலைப்பு. தலைமைத்துவக் கோட்பாடுகளை விளக்கச் சொன்னார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மூன்றாவது கேள்வி, ஒரு நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம். இதில் நாலு வரி எழுதிப் பார்ப்போம், சரக்கு இருந்தால் உட்காருவோம், இல்லையென்றால் கிளம்புவோம் என்று பேனாவைத் திறந்தாள்.

மணி அடித்தது.

"சார், அது என்ன மணி?"

"அரைமணி ஆச்சும்மா. இனிமே பன்னெண்டுக்கு முன்னால யாரும் போக முடியாது."

அவள் திருதிருவென விழித்துக் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நாலாம் படுக்கைப் பெரியவர். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆறே காலுக்குத் தண்ணீர் குடித்தார், படுக்கைப் புண்ணுக்கு இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், பார்க்க வரும் மகனிடம் கோபப்படாமல் பேசவும். அடியில் 'ஒப்படைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். அடுத்த பணிக்காரிக்கு எழுதும் குறிப்பு. தூக்கக் கலக்கத்தில் கை தன் பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

இது விடையா, உளறலா? அவளுக்கே தெரியவில்லை. கையெழுத்தை மட்டும் அவசரமாக அடித்தாள். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இனி போக வழியில்லை என்றதும், அந்த ஆத்திரத்தோடேயே மற்ற கேள்விகளையும் குருட்டாம்போக்கில் எழுதினாள். கோட்பாடு கேட்ட இடத்தில் மூத்த சிஸ்டர் திட்டுகிற விதத்தை எழுதினாள். வெளியே வந்தபோது என்ன எழுதினோம் என்பதே நினைவில்லை.

முடிவு வந்தது. நாற்பது. தேர்ச்சிக்கு வேண்டியதும் நாற்பதுதான். எந்தக் கேள்விக்கு எத்தனை போட்டார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் மாலை, ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏழு மணிக்குக் குட்டி, அம்மாவின் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

"டைம் ஆயிடுச்சும்மா. பை எங்க?"

"அம்மா இனிமே ராத்திரி வேலைக்குப் போகமாட்டேன்டா. தினமும் உன்கூடத்தான் தூங்குவேன்."

குட்டி சிரிக்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்ப அம்மாவைப் பார்த்தாள்.

"அது நானும் அப்பாவும் படுக்கிற இடம்மா," என்றாள், பொறுமையாக. "நீ எங்க படுப்ப?"