படத்துக்கு வைத்த பெயர்

கிழக்குத் தாம்பரத்தில் எக்ஸ்ரே நிலையம் வைத்திருந்த வேதாசலத்துக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை. நகரத்து நெஞ்சு டாக்டர் ஒரு புது சாஃப்ட்வேர் கொடுத்திருந்தார். நோயாளியின் பெயர், வியாதி, பழைய வைத்தியம் எல்லாவற்றையும் எக்ஸ்ரே படத்துக்குள்ளேயே ஒளித்து ஈமெயிலில் அனுப்பலாம். பார்க்கிறவர்களுக்கு வெறும் விலா எலும்புதான் தெரியும். பாஸ்வேர்டு போட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

முத்தாலம்மாளிடமும் சொன்னார். கோவளத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து, வேதாசலம் குடியிருந்த காலனியில்தான் அவள் மீன் விற்பாள். இருமல் விடவில்லை, டிபியாக இருக்கலாம் என்று படம் எடுக்க அனுப்பியிருந்தார்கள்.

"சார், இது வெளிய தெரிஞ்சா என் பொயப்பே போச்சு. ஒருத்தரும் என் கையால மீன் வாங்க மாட்டாங்க."

"கவலைப்படாதம்மா. பூட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

அன்று பார்த்து நிலையத்தில் நெட் வரவில்லை. படத்தைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போனார். உள்ளே ஒளிக்க வேண்டியதை எல்லாம் ஒழுங்காக ஒளித்திருந்தார். ஆனால் டாக்டர் வேறு யார் படத்தோடும் குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று, படத்துக்கு 'முத்தாலம்மாள் மீன்காரி டிபி' என்று பெயர் வைத்தார். அனுப்பியதும், அந்தக் கம்ப்யூட்டரில் கிடந்த நகலை அழிக்காமலே எழுந்து வந்துவிட்டார். பெட்டியைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பதை மூடிமேல் எழுதி வைத்த புத்திசாலித்தனம்!

டாக்டரின் பதில் நல்லதாகவே வந்தது. டிபிதான், ஆனால் ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். முத்தாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுவாரம் சாப்பாடு பரிமாறும்போது அவர் மனைவி சரோஜினி சொன்னாள்: "நம்ம மீன்காரம்மாவுக்கு டிபியாம், தெரியுமாங்க? எதிர்வீட்டு கார்த்தி பிரௌசிங் சென்டர்ல பாத்தானாம். ஸ்க்ரீன்லயே அவ பேரு கிடந்துதாம். காலனி பூரா இதே பேச்சு. இனிமே அவகிட்ட யாரும் வாங்கப் போறதில்ல."

மீனால் டிபி வராது என்று வேதாசலத்துக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் திறந்தால் தன் குட்டும் உடைந்துவிடுமே!

"ரசம் ஊத்து" என்றார்.

காலனியில் கதவுகள் சாத்தப்பட்டன. சரோஜினியும் சாத்தினாள். "எனக்கு ஒண்ணியும் இல்ல தாயி, வெறும் சளிதான்" என்று வாசலில் முத்தாலம்மாள் கெஞ்சியது உள்ளே இருந்த வேதாசலத்தின் காதிலும் விழுந்தது. பாவி மனிதர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை. மாத்திரைக்கு வரிசையில் நின்றால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்களே என்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இருமலை முந்தானையில் பொத்திக்கொண்டு தன்னை யாருக்கும் தெரியாத படப்பை ஊர்ப் பக்கம் போய் மீன் விற்றாள்.

மழைக்காலம் முடிந்த பிறகு, அவள் புருஷன் ரங்கன் எக்ஸ்ரே உறையோடு நிலையத்துக்கு வந்தான்.

"போய்ச் சேந்துட்டா சார். சாவறப்பகூட என்னாண்ட 'சளிதான்யா'ன்னு சொல்லிக்கினு இருந்தா. நீ பூட்டுப் போட்டு அனுப்பறேன்னு எல்லாராண்டயும் சொன்னியாமே, அப்புறம் எப்டி சார் அந்தக் கடையில அவ பேரு வந்துச்சு?"

"நான்தான்ப்பா. என் அஜாக்கிரதைதான்" என்று வேதாசலம் நடந்ததைச் சொல்லி அழுதார்.

ரங்கன் சத்தம் போடவில்லை. "டிபிக்கு மாத்திர இருந்திச்சி சார். வெக்கத்துக்கு இல்ல. அதான் அவள கொன்னுச்சி. வைத்தியத்துக்கு வர்றவங்க ஒடம்ப மட்டும் உன்னாண்ட குடுக்கல, மானத்தயும் சேத்துதான் குடுக்கறாங்க. அத்த காப்பாத்த முடியலன்னா இன்னா மிஷின் வச்சி இன்னா பிரயோஜனம்?"

உறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை வேதாசலம் காலனியில் வீடு வீடாக ஏறி, மீனால் டிபி பரவாது என்றும், அவள் நோயை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது தான்தான் என்றும் சொன்னார். முதலில் சொன்னது சரோஜினியிடம். காலனியே கேட்டது. கேட்க வேண்டியவள்தான் இல்லை.