டெரிக்கின் இடம்

இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்று தள்ளுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் வீட்டிலேயே அப்படி ஒருத்தி வளர்வாள் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு டெரிக் ஹக்காலா உதவித்தொகை கிடைக்கும். காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற அரசுப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடக்கம். டெரிக் அங்கே சேரவேண்டிய பையன். வகுப்பு தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது ஏரிக்குக் குளிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அவனைப் பெற்ற ஜோனும் ரஸ்ஸும் மரக்கடையை விற்று, வந்த பணத்தை அப்படியே அவன் பெயரில் போட்டுவிட்டார்கள். இந்த வருடம் அது என் மகள் லினியாவுக்கு வந்தது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். செய்தி வந்த அன்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதேன். பின்சீட்டு வாண்டுகள் எனக்கு வேலை போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பாஸ்டனில் உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றும் அவளுக்கு இடம் கொடுத்தது. கட்டணத்தில் அவர்கள் குறைத்தது போக வருடத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர் கட்டவேண்டும். வருடம் முழுக்க வண்டி ஓட்டினாலும் என் கைக்கு அவ்வளவு வராது. லினியாவின் அப்பா விஸ்கான்சினில் புதுக் குடும்பத்தோடு இருக்கிறார். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் அவர் கடமை தீர்ந்தது. கடன் வாங்குவதென்றால் என் கையெழுத்தில், என் வீட்டின் மேல்தான் வாங்க வேண்டும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் யோசித்தாள். என்னோடு முகம்கொடுத்துப் பேசாமல் யோசித்தாள். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன், பாஸ்டனில் அப்படி என்னடி கொட்டிக்கிடக்கிறது என்று.

"அங்க யாருக்கும் என்னைத் தெரியாதும்மா," என்றாள். "இங்க நாலு வருஷமும் நான் டெரிக்கோட இடத்துல உக்காந்திருக்கறவ. அவன் பிறந்தநாளுக்குப் போகணும், கிறிஸ்துமஸுக்குப் போகணும். ஒரு பாடத்துல மார்க் குறைஞ்சாக்கூட ஜோன் ஆன்ட்டி மூஞ்சியைப் பாக்க முடியாது."

"சாப்பாடு போடத்தானே கூப்பிடறாங்க? கடன் கொடுத்தவன் சாப்பாடு போடவா கூப்பிடுவான்?"

பாஸ்டனுக்கே போகப்போவதாகவும், கடன் முழுவதையும் பின்னால் தானே அடைப்பதாகவும் மறுநாள் சொன்னாள். பதினெட்டு வயதில் எல்லாரும் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள்.

உதவித்தொகை பெறும் பிள்ளையை ஏப்ரல் கடைசியில் ஹக்காலா வீட்டில் விருந்துக்கு அழைப்பது வழக்கம். மாட்டேன் என்று சொல்வதானால் அந்த மேஜையில் உட்கார்ந்து ஜோன் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். அவளால் முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூட்டிக்கொண்டு போனேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

வாசலில் பனி இன்னும் கரையவில்லை. உள்ளே ஜோன் பேஸ்டி சுட்டு வைத்திருந்தாள், மாவு உறைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் நிறைந்து ஒவ்வொன்றும் செருப்பு அளவுக்கு இருந்தது. லினியா கிரேவி கேட்டதும் ரஸ் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கெச்சப்பை விட்டுவிட்டு கிரேவி ஊற்றுகிறவள் நம்ம ஊர்ப் பெண்ணே இல்லை, இவளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று ஜோனிடம் முறையிட்டார். எல்லாரும் சிரித்தோம். நல்ல மனிதர்கள். அதுதான் கஷ்டம். லினியா இரண்டு தடவை பேச வாயெடுத்தாள், இரண்டு தடவையும் ஜோன் அவள் தட்டில் எதையாவது வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஜோன் உள்ளே போய், பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஒரு பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்தாள். முன்னால் உதவி பெற்ற நான்கு பிள்ளைகளின் படங்கள் சுவரில் மாட்டியிருந்தன. நால்வரும் அதே பச்சையில்தான் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார்கள் போல என்று இத்தனை நாளும் நான் நினைத்திருந்தேன்.

"டெரிக்கோடது," என்றாள் ஜோன். "அங்கதான் சேரப்போறேன்னு சொன்ன அன்னிக்கு வாங்கினான். ஒரே ஒரு நாள்தான் போட்டான். போட்டோவுக்கு மட்டும் போட்டுக்கோம்மா."

லினியா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, ஸ்வெட்டரை வாங்கித் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது. ஜோன் கிட்டே வந்து கழுத்தைச் சரிசெய்தாள், கையை மடித்துவிட்டாள், பிறகு அவள் தோளில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். லினியா அசையாமல் நின்றாள். ஊசி போடும்போது சின்ன வயதில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு சிரித்தாள். சரி என்று முடிவு செய்துவிட்டாள், எனக்காகச் செய்துவிட்டாள் என்பது அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்தது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. வீடு தப்பியது. ஆனால் என் கண் அந்த ஸ்வெட்டரை விட்டு நகரவில்லை. செத்துப்போன பிள்ளையின் சட்டைக்குள் என் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். ரஸ் போனை உயர்த்தினார்.

"லினியா, கழட்டு," என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தது.

"மன்னிச்சுக்கோ ஜோன். இவளுக்கு பாஸ்டன்ல இடம் கிடைச்சிருக்கு. அங்கதான் போறா."

ரஸ் போனை மெல்ல இறக்கினார். "உனக்குக் கட்டுப்படியாகுமா மார்லீஸ்?"

ஆகாது என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜோன் ஸ்வெட்டரை வாங்கி, கைகளை உள்ளே மடித்து, மேஜைமேல் வைத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை. ரஸ் எங்கள் கோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

வண்டியில் உட்கார்ந்ததும் லினியா அழுதாள். "நான் சரின்னு சொல்லத்தாம்மா போட்டுக்கிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நீதானே என்னை இங்க இழுத்துட்டு வந்தே?"

"ஆமா. உன்னை அந்த ஸ்வெட்டர்ல பாத்ததும் எனக்குப் பயமாயிருச்சுடி."

அவளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது, எங்கள் ஊரை விட்டே அவளைத் துரத்திவிடவேண்டும் போலவும் இருந்தது. சாவியைத் திருகும்போது வீட்டுக் கதவு திறந்து ஜோன் வெளியே வந்தாள். கோட்டு போடாமல், ஈரக்கையோடு, வீட்டுச் செருப்பில் பனியை மிதித்துக்கொண்டு வந்தாள். திட்டப் போகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று கண்ணாடியை இறக்கினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி லினியாவைப் பார்த்தாள்.

"எப்ப கிளம்பறே?"

"ஆகஸ்ட் கடைசியில, ஆன்ட்டி."

"கிளம்பறதுக்கு முன்னாடி இங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ," என்றாள் ஜோன். "அவன் சொல்லாமப் போயிட்டான்."

லினியா தலையாட்டினாள். ஜோன் வண்டிக் கதவிலிருந்து கையை எடுக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.